ஒரு கணினி, இரண்டு திரை

நிகழ்ச்சி மாலை 7 மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். 6.45க்கு மேடை ஓரம் போய்ப் பாருங்கள். நான்கு பேர் ஒரு கணினியைச் சுற்றி நிற்பார்கள். ஒருவர் கையில் வயர். இன்னொருவர் நாற்காலி மேல் ஏறி புரொஜெக்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். "நேத்து வீட்டுல நல்லாத்தானே வந்துச்சு" என்பார் மூன்றாமவர். "யாராவது சின்னப் பையனக் கூப்பிடுங்க" என்பார் நான்காமவர். சுவரில் நீல நிறமும், 'சிக்னல் இல்லை' என்ற எழுத்தும் மட்டும் அசையாமல் நிற்கும்.

வார நாள்களில் வானொலி அறிவிப்பு, வார இறுதிகளில் மேடை அறிவிப்பு என்று ஓடும் எனக்கு இந்தக் காட்சி மனப்பாடம். படம் வரும்வரை கூட்டத்தைப் பேச்சால் பிடித்து வைத்திருக்க வேண்டியவள் நான்தானே! அந்த வகையில் தமிழ்ப்பள்ளி, ஆலயம், திருமண மண்டபம், இயக்கக் கூட்டம் என்று பல இடங்களில் இந்த வயர்களோடு பழகிவிட்டேன்.

அங்கெல்லாம் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: "ஒரே கம்ப்யூட்டர்ல மானிட்டரும் வேணும், புரொஜெக்டரும் வேணும். எவ்வளவு செலவாகும்?"

பெரும்பாலான இடங்களில் 100 வெள்ளிக்குள் முடியும். சில இடங்களில் ஒரு கேபிள் காசோடு முடிந்துவிடும். ஆனால், கடைக்குப் போகும்முன் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே படமா, வேறு வேறு படமா?

மானிட்டரில் தெரிவதேதான் புரொஜெக்டரிலும் தெரிய வேண்டுமா? அல்லது கூட்டத்துக்கு ஒன்றும் உங்களுக்கு வேறொன்றும் தெரிய வேண்டுமா? வாங்க வேண்டிய பொருள் இந்தப் பதிலைப் பொறுத்தே மாறும். கடையில் இதை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை.

விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்தக் குறுக்குவழி இருக்கிறது. நான்கு தேர்வுகள் வரும். முதலாவது, கணினித் திரையில் மட்டும் படம். இரண்டாவது 'டூப்ளிகேட்': இரண்டிலும் ஒரே படம். மூன்றாவது 'எக்ஸ்டெண்ட்': இரண்டு திரைகளும் சேர்ந்து ஒரே நீளமான மேசையாகிவிடும், இதில் ஒன்று, அதில் ஒன்று வைக்கலாம். நான்காவது, புரொஜெக்டரில் மட்டும் படம். ஆப்பிள் கணினியில் இதே வேலையைச் 'சிஸ்டம் செட்டிங்ஸ்' உள்ளே 'டிஸ்ப்ளேஸ்' பகுதியில் செய்யலாம்.

ஆலயத்தில் தேவாரப் பாடல் வரிகளைத் திரையில் காட்டுவதற்கு டூப்ளிகேட் போதும். பாடம் நடத்துவதற்கும், உரையாற்றுவதற்கும், திருமண விருந்தில் படம் ஓட்டுவதற்கும் எக்ஸ்டெண்ட்தான் நல்லது. காரணம் சொல்கிறேன்.

ஒரு திருமண விருந்து. மணமக்களின் சிறுவயதுப் படங்கள் பெரிய திரையில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை பள்ளிச் சீருடையில் நிற்கும் படம் வந்த நேரம், திரையின் மூலையில் ஒரு வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்த்தது. கணினிக்குச் சொந்தக்காரரான உறவுக்காரத் தம்பிக்கு வந்தது. "டேய், காச எப்ப தரப்போற?" மண்டபம் முழுக்க அதைப் படித்தது. சிரித்தார்கள். அந்தத் தம்பி சிரிக்கவில்லை.

எக்ஸ்டெண்டில் வைத்து, கூட்டம் பார்க்கும் திரையை இரண்டாம் திரையாக அமைத்திருந்தால் அந்தச் செய்தி அவருடைய திரையிலேயே நின்றிருக்கும். விண்டோஸ் பொதுவாக அறிவிப்புகளை முதன்மைத் திரையில்தான் காட்டும். கடவுச்சொல் தட்டுவது, கோப்பு தேடுவது, அடுத்த பாட்டைத் தயார் செய்வது எல்லாம் உங்களோடு இருக்கும். முடிந்த படம் மட்டும் கூட்டத்துக்குப் போகும்.

கணினியின் முதுகைப் பாருங்கள்

அடுத்து, கணினியைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். படத்தை வெளியே அனுப்பும் துளைகள், அதாவது போர்ட்டுகள், நான்கு வகையாக இருக்கலாம்.

வி.ஜி.ஏ.: பெரும்பாலும் நீல நிறம், மூன்று வரிசையில் 15 ஊசித் துளைகள், இரு பக்கமும் திருகு. ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் கொண்டுவந்தது. பழைய புரொஜெக்டர்களில் இன்றும் இருக்கிறது. படம் மட்டும் போகும், ஒலி போகாது.

எச்.டி.எம்.ஐ.: தட்டையாக, கீழ்ப்பக்கம் இரு மூலைகளும் குறுகி இருக்கும். 2002இல் வந்தது. படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும்.

டிஸ்ப்ளே போர்ட்: எச்.டி.எம்.ஐ. போலவே தெரியும், ஆனால் ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். அலுவலகங்கள் கழித்துவிடும் மேசைக்கணினிகள் பலவற்றில் இது உண்டு. யாரும் கவனிப்பதில்லை.

யூ.எஸ்.பி.-சி: சிறிய நீள்வட்டம். எல்லா யூ.எஸ்.பி.-சி துளையும் படம் அனுப்பாது. பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். சின்னம் இல்லையென்றால், கணினியின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலைப் பார்த்த பிறகே அடாப்டர் வாங்குங்கள்.

இதே பார்வையைப் புரொஜெக்டருக்கும் மானிட்டருக்கும் பாருங்கள். மூன்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட அந்த மூன்று படங்கள் தெளிவாகப் பேசும்.

எந்த நிலைமைக்கு என்ன வாங்குவது?

இங்கே நான் சொல்லும் விலைகள் ஏறக்குறையத்தான். கடைக்குக் கடை, இணைய அங்காடிக்கு இணைய அங்காடி மாறும்.

மடிக்கணினியும் புரொஜெக்டரும் இருந்தால்: மடிக்கணினியின் திரையே உங்கள் மானிட்டர். தனி மானிட்டர் தேவையில்லை. ஓர் எச்.டி.எம்.ஐ. கேபிள் போதும். குட்டைக் கேபிள் 10 முதல் 20 வெள்ளி. மாட்டுங்கள், விண்டோஸ் விசையோடு 'பி', எக்ஸ்டெண்ட். வேலை முடிந்தது.

மேசைக்கணினியில் இரண்டு துளைகள் இருந்தால்: ஒன்றில் மானிட்டர், இன்னொன்றில் புரொஜெக்டர். இரண்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்பதில்லை. மானிட்டர் வி.ஜி.ஏ.யிலும் புரொஜெக்டர் எச்.டி.எம்.ஐ.யிலும் இருக்கலாம், கணினிக்கு அதில் சங்கடமே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கணினியில் தனி கிராஃபிக்ஸ் கார்டு பொருத்தியிருந்தால், மதர்போர்டில் இருக்கும் துளைகள் பெரும்பாலும் வேலை செய்யாது. இரண்டு கேபிளையும் அந்தக் கார்டிலேயே மாட்டுங்கள்.

ஒரே துளை, ஒரே படம் போதும் என்றால்: எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர். உள்ளே ஒன்று, வெளியே இரண்டு. 25 முதல் 60 வெள்ளி வரை. மின்சாரம் கொடுத்து இயங்கும் வகையை வாங்குங்கள். இது ஒரே படத்தை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஸ்ப்ளிட்டரை வாங்கி வந்துவிட்டு எக்ஸ்டெண்ட் ஏன் வரவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். கணினியின் கண்ணுக்கு அங்கே தெரிவது ஒரே ஒரு திரைதான்.

ஒரே துளை, ஆனால் வேறு வேறு படம் வேண்டும் என்றால்: யூ.எஸ்.பி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடாப்டர். கணினியில் யூ.எஸ்.பி. 3.0 துளை (பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும்) இருந்தால் நல்லது. மலிவானவை 30, 40 வெள்ளிக்கும் உண்டு. ஸ்லைடு காட்ட அவை போதும். காணொளி ஓடும்போது திக்கலாம். 'டிஸ்ப்ளேலிங்க்' சில்லு உள்ளவை 150 வெள்ளிக்கு மேல் போகும், ஆனால் நம்பி வைக்கலாம். எதுவானாலும் அதற்குரிய மென்பொருளை வீட்டிலேயே இறக்கிப் பதிந்துகொண்டு வாருங்கள். மண்டபத்து இணையத்தை நம்பி வராதீர்கள்.

பழைய புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால்: எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்கு மாற்றும் அடாப்டர், 15 முதல் 30 வெள்ளி. இதற்குத் திசை உண்டு. எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.க்குப் போவது ஒரு பொருள், வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு வருவது வேறு பொருள். பார்க்க இரட்டையர் மாதிரி இருக்கும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

பழைய புரொஜெக்டர் வைத்திருப்போருக்கு இன்னொரு சேதி. பலவற்றின் பின்புறம் 'மானிட்டர் அவுட்' என்று ஒரு வி.ஜி.ஏ. துளை இருக்கும். கணினியிலிருந்து வி.ஜி.ஏ. வழியாகப் புரொஜெக்டருக்குள் போகும் படம் அந்தத் துளை வழியாக வெளியே வரும். அங்கே மானிட்டரை மாட்டினால் ஸ்ப்ளிட்டர் செலவு கூட இல்லை. புரொஜெக்டரும் நீங்களும் ஒரே மேசையில் இருக்கும் சிறிய வகுப்பறைக்கு இது நன்றாகப் பொருந்தும்.

கடையில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். ஸ்ப்ளிட்டரும் சுவிட்சும் ஒரே அளவுப் பெட்டி, ஒரே நிறம். ஸ்ப்ளிட்டர் ஒரு கணினியை இரண்டு திரைக்குக் கொடுக்கும். சுவிட்ச் இரண்டு கணினிகளை ஒரே திரைக்கு மாற்றி மாற்றிக் கொடுக்கும். பெட்டியில் 'அவுட்' என்று எத்தனை துளைகளுக்கு மேல் எழுதியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நமக்கு இரண்டு வேண்டும்.

65 வெள்ளியில் ஒரு வகுப்பு

கிள்ளான் பக்கம் ஓர் ஆலயத்தின் பின்கட்டில் சனிக்கிழமை தோறும் இலவச டியூஷன் நடக்கிறது. நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பிள்ளைகள் முப்பது பேர் போல வருவார்கள். ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்த மேசைக்கணினி, அதோடு வந்த மானிட்டர், யாரோ நன்கொடை தந்த புரொஜெக்டர். இவ்வளவுதான் சொத்து.

ஒரு பரிசளிப்புக்குப் போயிருந்தபோது டீச்சர் என்னைத் தனியே அழைத்தார். "புரொஜெக்டர மாட்டினா மானிட்டரக் கழட்டணும்மா. அப்புறம் நான் செவுத்தப் பார்த்துத்தான் கிளிக் பண்ணணும். முழு நேரமும் பிள்ளைங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டே நிக்கிறேன். பின்னால உள்ளவன் புரியாம முழிக்கிறானா, தூங்குறானான்னே தெரியல" என்றார்.

கடையில் விசாரித்தார்களாம். கணினி பழசு, புது மடிக்கணினி வாங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். 1,800 வெள்ளி. பெற்றோர்களிடம் வசூல் செய்யலாமா என்று ஆலய நிர்வாகத்தில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெற்றோர்களில் பலர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்பதால்தான் அங்கே அனுப்புகிறார்கள்.

கணினியை இழுத்துத் திருப்பிப் பார்த்தோம். வி.ஜி.ஏ. துளையில் மானிட்டர் மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, தூசி படிந்து, டிஸ்ப்ளே போர்ட். அதை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் அடாப்டர் 20 வெள்ளி. 10 மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் 45 வெள்ளி. மொத்தம் 65.

மறுவாரம் மாட்டி, எக்ஸ்டெண்டில் வைத்தோம். பவர்பாயிண்டில் 'பிரசென்டர் வியூ' என்று ஒரு வசதி உண்டு. கூட்டத்துக்கு ஸ்லைடு மட்டும் தெரியும். பேசுபவரின் திரையில் அந்த ஸ்லைடோடு அடுத்த ஸ்லைடும், எழுதி வைத்த குறிப்பும், கடிகாரமும் தெரியும். டீச்சர் கேள்வியைச் சுவரில் காட்டினார். விடை அவருடைய மானிட்டரில் இருந்தது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடத்தினார். பத்தே நிமிடத்தில் கடைசி வரிசையைப் பார்த்து, "என்னடா, மூணாவது கணக்குலயே நிக்கிறியா?" என்று கேட்டார். அந்தப் பையன் ஆமாம் என்று தலையாட்டினான்.

புது மடிக்கணினியாலும் இது முடியும்தான். ஆனால் இருந்த கணினியே செய்யக்கூடிய வேலைக்கு 1,800 வெள்ளி வசூலிக்க நேர்ந்திருக்கும்.

படம் வந்தது, அளவு சரியில்லையே?

மானிட்டரும் புரொஜெக்டரும் வெவ்வேறு படப்புள்ளி அளவு கொண்டவை. இன்றைய மானிட்டர் பலவும் 1920க்கு 1080. பழைய புரொஜெக்டர்கள் 1024க்கு 768 அல்லது 1280க்கு 800. டூப்ளிகேட்டில், குறிப்பாக ஸ்ப்ளிட்டர் வழியாக, இரண்டுக்கும் ஒரே அளவுதான் போகும். அதனால் ஒரு திரையில் படம் அமுங்கும், அல்லது வரவே வராது. டிஸ்ப்ளே செட்டிங்கில் அளவைக் குறைத்துப் பாருங்கள். எக்ஸ்டெண்டில் ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி அளவு கொடுக்கலாம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எக்ஸ்டெண்டில் புதிதாக வருபவர்களுக்கு 'மவுஸ் காணாமல் போய்விட்டது' என்ற பயம் வரும். அது அடுத்த திரைக்கு நடந்து போயிருக்கும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். சுவர் உங்களுக்கு வலப்பக்கம் இருந்தால் 2ஐ வலப்பக்கம் இழுத்து வையுங்கள். ஒரு சன்னலை அடுத்த திரைக்கு மாற்ற விண்டோஸ் விசை, ஷிப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும். பவர்பாயிண்டில் குறிப்பு சுவரிலும் ஸ்லைடு உங்கள் திரையிலும் வந்துவிட்டால் பதற வேண்டாம். மேலே இருக்கும் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பொத்தானில் இரண்டையும் இடம் மாற்றும் வசதி இருக்கிறது.

ஒலியைக் கேளுங்கள்

வானொலிக்காரி என்பதால் இதைச் சொல்லாமல் போக மாட்டேன். எச்.டி.எம்.ஐ. மாட்டியதும் கணினி பல நேரங்களில் ஒலியையும் புரொஜெக்டருக்கே அனுப்பிவிடும். மண்டபத்துப் பெரிய ஒலிபெருக்கிகள் சும்மா இருக்க, கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்குள் ஒரு சிறிய ஸ்பீக்கர் முனகிக்கொண்டிருக்கும். கணினித் திரையின் கீழ் மூலையில் ஒலிச் சின்னத்தைச் சொடுக்கி, ஒலி எங்கே போக வேண்டும் என்பதை மாற்றுங்கள். பிறகு ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை மிக்சருக்குக் கொடுங்கள்.

மிக்சரில் மாட்டியதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறதா? மடிக்கணினியின் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் தெரிந்துவிட்டது. நிகழ்ச்சி முடியும்வரை பேட்டரியில் ஓட்டலாம், அல்லது 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறிய கருவியை இடையில் போடலாம். இரைச்சலுக்குப் பயந்து பிளக்கின் எர்த் இணைப்பை மட்டும் யாரும் கழற்றிவிடாதீர்கள். அது உயிரைக் காக்கும் இணைப்பு.

தூரமும் கேபிளும்

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிள் 10 மீட்டர் வரை பொதுவாகத் தொல்லை தராது. 15 மீட்டரைத் தாண்டினால் படம் மினுக்கும், விட்டு விட்டு வரும். பெரிய மண்டபமென்றால், நெட்வொர்க் கேபிள் வழியாக எச்.டி.எம்.ஐ.யைக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் ஜோடி ஒன்றை வாங்குவது நல்லது. 100 வெள்ளியை ஒட்டி இருக்கும். ஸ்ப்ளிட்டர் பயன்படுத்தினால் அதைக் கணினிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மானிட்டருக்குக் குட்டைக் கேபிள், புரொஜெக்டருக்கு மட்டும் நீளக் கேபிள்.

வயரே இல்லாமலும் செய்யலாம். புரொஜெக்டரோ தொலைக்காட்சியோ அந்த வசதி கொண்டதாக இருந்தால், விண்டோஸ் விசையோடு 'கே' அழுத்தி இணைக்கலாம். நிழற்படங்களுக்கு அது போதும். நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் கூடியிருக்கும் மண்டபத்தில் காணொளி ஓட்டுவதற்கு நான் இன்னும் வயரைத்தான் நம்புகிறேன்.

கேபிளின் இரு முனையிலும் மறைப்பு நாடா ஒட்டி 'மானிட்டர்', 'புரொஜெக்டர்' என்று எழுதுங்கள். நடைபாதையில் கிடக்கும் கேபிளைத் தரையோடு ஒட்டிவிடுங்கள். பாட்டிமார்கள் நடக்கும் இடம். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே, அதே கணினி, அதே கேபிள், அதே கோப்போடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கடைக்குப் போகிறவர்கள் மூன்று படங்களையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள்: "என் கணினியில் இந்தத் துளைகள் இருக்கின்றன. மானிட்டரில் இது, புரொஜெக்டரில் இது. இரண்டிலும் வேறு வேறு படம் வர வேண்டும். தூரம் இத்தனை மீட்டர்." ஒரே படம் போதுமென்றால் அதையும் சொல்லுங்கள். இவ்வளவையும் கேட்ட பிறகும் புதுக் கணினிதான் வாங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.